நாலு

பேரை வாவியின் கரையில், கார் தரிப்பிடத்தில்,
மூன்று இரவுக்கு மட்டும் பாங்கொக் என்று
பதாகை கட்டியிருந்தார்கள்.
நுழைவுச் சீட்டு ஐந்நூறு.
"சந்தைக்குள்ள போறதுக்கும் சல்லியா?"
நிலூபா வாசலிலேயே நின்றுவிட்டாள்.
பிறகு தானே இருவருக்கும் கொடுத்தாள்.

உள்ளே முதலில் ஒரு துக்துக்.
நீலம், வெள்ளி, குஞ்சம், பிளாஸ்டிக் செவ்வந்தி.
ஏறிப் படம் எடுக்க வரிசை.
மதிலுக்கு வெளியே, தூறலுக்குப் படங்கை இறக்கிவிட்டு
நாற்பது ஓட்டோக்காரர்
எங்களை வீட்டுக்குக் கொண்டுபோகக் காத்திருந்தார்கள்.
அவர்களை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

இறால் வாட்டும் புகை.
மீன் சோஸின் மணம்
வாவி நாற்றத்தின் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தது.
நிலூபா கடைகடையாக ஹலால் அட்டை தேடினாள்.
இல்லாத இடத்தில் சோளம் வாங்கினாள்.
இருந்த இடத்திலும், யோசித்துப்போட்டு,
சோளமே வாங்கினாள்.

நான் துணிக்கடையில் நின்றேன்.
யானை அச்சடித்த காற்சட்டை.
தொட்டதுமே விரல் தன்பாட்டில்
உட்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தது.
ஒற்றைத் தையல்.
பத்துத் தரம் தோய்த்தால் கவட்டுக்குள் விட்டுப்போகும்.
பிரதுனாமின் பின் ஒழுங்கையில்
டசினாய் எடுத்தால் எண்பது பாட்.
இங்கே அட்டையில் மூவாயிரத்து எண்ணூறு.
பக்கத்தில் ஒரு பெண், கல்லூரிப் பிள்ளை போல,
காசை எண்ணிக்கொண்டு நின்றாள்.
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.
பதினொரு வருடம் நானும்
சொல்லாமல்தானே விற்றேன்.

பதினொரு வருடம்.
நள்ளிரவு விமானம், ஆளுக்கு முப்பது கிலோ.
மிஞ்சியதை உடம்பில் உடுத்துக்கொண்டு வருவோம்:
நாலு பிளவுஸ், அதற்கு மேல் இரண்டு ஜாக்கெட்.
"குளிரா?" என்று சிங்களத்தில் கேட்பான்
கட்டுநாயக்காவில் சுங்கத்துக்காரன்.
"காய்ச்சல்" என்பாள் நிலூபா,
வேர்த்து ஒழுகிக்கொண்டு.
பிறகு ஒருநாள் டொலர் முந்நூற்றறுபது.
பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.
இப்போது ஒன்றில் அரிசி.
மற்றதில் மகனின் கொப்பிகள்.

பப்பாசிக்காய் இடித்துக்கொண்டிருந்தவள்
உண்மையாகவே தாய்லாந்துக்காரி.
"தாவ்ராய்?" என்றேன்.
எவ்வளவு என்று அர்த்தம்.
அலுமாரிக்குள் கிடந்த சேலைபோல
மடிப்பும் மணமுமாய் வெளியே வந்தது சொல்.
அவள் உலக்கையை நிறுத்தினாள்.
முகம் மலர்ந்து, மடமடவென்று
என்னென்னவோ கேட்டாள்.
நானோ, தாய்மொழியில் சண்டையும் பிடிப்பேன்,
தாய் மொழியில் விலை மட்டும்தான் கேட்பேன்.

அங்கே எல்லாரும் செய்வதுபோல
கல்குலேட்டரை எடுத்து நீட்டினாள்: 1200.
நான் வாங்கி, அழித்து, 4 தட்டினேன்.
உன் ஊருக்கு நான் வந்து நாலு வருடமாகிறது
என்று சொல்ல நினைத்தேன்.
நாலா? நானூறா?
கண்ணை அகட்டி நெஞ்சில் கைவைத்தாள்.
பறித்துத் தட்டினாள்: 1100.
இல்லை இல்லை என்று தலையாட்டி
கையை விமானமாக்கி
வாவிக்கு மேலால் பறக்கவிட்டேன். மறுபடியும் 4.
1000.
பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.
நிலூபா சோளத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.
"நல்லாத்தான் கொறச்சிருக்கீங்க,
இன்னம் கொஞ்சம் இழுங்க."

இழுக்கவில்லை.
அட்டையில் இருந்த முழு விலையைக் கொடுத்தேன்.
இப்போது அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை.
காசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
கொச்சிக்காயைத் தூக்கிக் காட்டினாள்:
ஒன்றா, இரண்டா?
நாலு விரல் நீட்டினேன்.
ஓ, என்றாள்.
நாலையும் உரலில் போட்டாள்.
கச்சானை இரண்டு கை அள்ளித் தூவினாள்.

கட்டில் குந்தியிருந்து சாப்பிட்டோம்.
நிலூபாவுக்குச் சோளம், எனக்குக் கண்ணீர்.
"ஒறைப்பா?" என்றாள். தலையாட்டினேன்.
இடி ஒருக்கால் உறுமியது. ஜெனரேட்டர் பதில் சொன்னது.

வெளியேறும்போது
அந்தப் பிள்ளை துக்துக்கின் பக்கத்தில்,
யானைக் காற்சட்டையைப் போட்டே விட்டாள்.
தோழி போனைத் தூக்கிப் பிடிக்க
ஒரு காலைக் கீழே ஊன்றி
மறு காலை எட்டி உள்ளே வைத்தாள்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

தையல் தாங்கியது.